பருத்திப்பாலும் பொடியெழுத்தும்

மரபணு மாற்றுக் கடுகு மறுபடி பேச்சுக்கு வந்திருக்கிறது. கூடவே எனக்கு எரிச்சலும் வந்துவிட்டது. கடுகின் மீதல்ல, 'இதை நம் அடுக்களைக்குள் விடலாமா' என்ற கேள்வியின் மீது. டெல்லிப் பல்கலைக்கழகத்தில் தீபக் பெந்தால் குழு உருவாக்கிய டிஎம்எச்-11 கடுகு ரகத்துக்கு 2022 அக்டோபரில் நிபந்தனையோடு அனுமதி கிடைத்தது. அதை எதிர்த்த வழக்கில் 2024 ஜூலையில் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் இருவரும் ஆளுக்கொரு தீர்ப்பு எழுதினார்கள். வழக்கு கிடக்கட்டும். விடலாமா என்று கேட்க, கதவு இதுவரை சாத்தியிருந்திருக்க வேண்டுமே! மரபணு மாற்றிய பி.டி. பருத்திக்கு அனுமதி கிடைத்தது 2002இல். இன்று நாட்டின் பருத்திப் பரப்பில் 90 விழுக்காட்டுக்கு மேல் அதுதான். பருத்தி உடுத்த மட்டுமே என்று நினைப்பவர்கள் மதுரைத் தள்ளுவண்டிகளை மறந்துவிட்டார்கள்.

பருத்திக்கொட்டையை ஊறவைத்து, ஆட்டிப் பிழிந்து, அரிசி மாவும் கருப்பட்டியும் சுக்கும் ஏலமும் சேர்த்துக் காய்ச்சினால் பருத்திப்பால். பாரம்பரிய பானம், இயற்கை பானம் என்று அதைக் கொண்டாடுகிறோம், கொண்டாட வேண்டியதுதான். ஆனால் சந்தைக்கு வரும் கொட்டை எந்தப் பருத்தியுடையது? நாட்டுப் பருத்தி என்று தேடி வாங்கினாலொழிய, பெரும்பாலும் பி.டி.தான். 2010 பிப்ரவரியில் அப்போதைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் பி.டி. கத்தரிக்காயை நிறுத்திவைத்தபோது, உணவு தப்பித்தது என்று பலர் நிம்மதியடைந்தார்கள். அந்தக் கத்தரியில் வைத்திருந்தது கிரை1ஏசி மரபணு. பி.டி. பருத்தியில் இருப்பதும் அதுவே. கத்தரிக்காய்க்கு ஊர் ஊராகக் கருத்துக் கேட்டோம், பருத்திப்பாலுக்கு யாரிடமும் கேட்கவில்லை. இதைச் சொல்வது டம்ளரைக் கீழே வைக்கச் செய்வதற்காக அல்ல. காய்ச்சும்போது அந்த மரபணு உண்டாக்கும் புரதம் சிதைகிறது. பருத்திக்கொட்டையில் அஞ்ச வேண்டியது கோசிபால் என்ற நஞ்சு. அது நாட்டுப் பருத்தியிலும் உண்டு. ஆபத்து என்று நான் வாதாடவில்லை, தெரிய வேண்டும் என்கிறேன்.

ஆக, பொட்டலத்தின் பொடியெழுத்தில் உள்ளதைச் சொல்லியாக வேண்டும் என்ற என் பழைய சண்டைக்கே வந்து சேர்ந்தேன். தொடர்ந்து படிப்பவர்கள் பொறுத்துக்கொள்வார்கள். சுத்திகரித்த பருத்திக்கொட்டை எண்ணெயில் மரபணுவும் இல்லை, புரதமும் இல்லை, பிறகு எதற்கு 'மரபணு மாற்றியது' என்ற முத்திரை என்று தொழில் தரப்பு கேட்கிறது. பொட்டலத்தில் பச்சைப் புள்ளி எதற்கு இருக்கிறது? அது பாதுகாப்புச் சான்றா? உண்பவருக்குப் பொருளின் மூலத்தைச் சொல்லும் குறி, அவ்வளவே. முத்திரை போட்டால் ஜனங்கள் மிரளுவார்கள் என்பது அடுத்த வாதம். 2002 முதல் சொல்லாமலே சாப்பிட வைத்துவிட்டு ஒருநாள் அம்பலமானால்தான் அதிகம் மிரளுவார்கள். இந்தத் தொழில்நுட்பத்தை ஆதரிக்கும் விஞ்ஞானிகள்தாம் முத்திரையை முதலில் கேட்டிருக்க வேண்டும். யார் எதைச் சாப்பிட்டார் என்ற கணக்கே இல்லாமல் 'யாருக்கும் எதுவும் ஆகவில்லை' என்பதை எப்படி நிரூபிப்பார்கள்? தள்ளுவண்டிக்கு முத்திரை எட்டாது என்பது மட்டும் நியாயமான ஆட்சேபம். அதற்கு வழி, மண்டியில் இறங்கும் கொட்டை மூட்டையிலேயே எழுதுவது. பொட்டலத்தில் 'ஜி.எம்.' என்று போடச் சொன்ன விதி 2013 ஜனவரியிலேயே நடைமுறைக்கு வந்தது. பருத்திக்கொட்டை எண்ணெய் டப்பா எதிலாவது அந்த இரண்டெழுத்தைப் பார்த்த வாசகர் இருந்தால் எழுதுங்கள்.