குப்பை யாருக்குச் சொந்தம்?

குப்பையில் காசு இருக்கிறது என்று இப்போது எல்லோரும் பேசுகிறார்கள். கருத்தரங்கு போடுகிறார்கள், டெண்டர் விடுகிறார்கள். எங்க சனத்துக்கு இதில் புதுசா ஒண்ணும் இல்லை. சேலம், நாமக்கல் பக்கம் காட்டு வேலையில் குப்பை என்றாலே எருதான். அதை வாரி, கூடையில் சுமந்து, வயலில் கொட்டியது எங்க ஆளுக. விளைஞ்சது காட்டுக்காரனுக்கு. உழவு அதிகாரத்தில் வள்ளுவர் எருவின் அருமை சொல்வதை எம்.ஏ. வகுப்பில் நடத்தினார்கள். எருக்கூடை யார் தலையில் இருந்தது என்று யாரும் நடத்தவில்லை.

ஆக, குப்பைக்கு மதிப்பு உண்டா என்பதல்ல கேள்வி. மதிப்பு யாருக்கு, நாற்றம் யாருக்கு என்பதுதான்.

சேலத்துக் குப்பை முன்பு எருமாபாளையத்தில் குவிந்தது; பிறகு செட்டிச்சாவடிக்குப் போனது. ஊர்க்குப்பையை ஊருக்கு வெளியே தள்ளுவதும், அதை அள்ளுகிறவர்களை ஊருக்கு வெளியே வைப்பதும் ஒரே புத்திதான். நாமக்கல் 2000-களில் 'குப்பையில்லா நகரம்' என்று பெயர் வாங்கியது. 2024-இல் மாநகராட்சியும் ஆனது. பாராட்டு நகரத்துக்கு. அள்ளிய கைகளுக்கு?

நம் நகரக் குப்பையில் ஏறக்குறைய பாதி சோறும் காய்த்தோலும் இலையும். தனியாக வாங்கினால் உரம். காகிதமும் இரும்பும் தனியாக வந்தால் பழைய இரும்புக்கடையில் காசு. கலந்துவிட்டால் ரெண்டும் கெட்டது. நனைந்த காகிதம் விலை போகாது. கண்ணாடி கலந்த உரத்தை வயலில் போட முடியாது. மலையாகக் குவித்தால் உள்ளே காற்றில்லாமல் அழுகி மீத்தேன் கிளம்பும், தீப்பிடிக்கும். 2022 ஏப்ரலில் சென்னை பெருங்குடி கிடங்கு நாள்கணக்கில் எரிந்தது.

வீட்டுக்காரரே மூன்றாகப் பிரித்துக் கொடுக்கணும் என்று 2016 விதிகளே சொல்லிவிட்டன. எத்தனை வீட்டில் நடந்தது? பிரிக்க ஒரு கை வரும் என்ற தைரியம். அது எந்தச் சாதிக் கை என்று கேட்காமலே எல்லோருக்கும் தெரியும். நாப்கினையும் உடைஞ்ச பாட்டிலையும் சோற்றோடு கட்டி வாசலில் வைக்கிறவர், தொட ஒருத்தி இருக்கிறாள் என்று நம்பித்தான் வைக்கிறார். பிரிக்காத குப்பை அலட்சியம் அல்ல, தீண்டாமை.

விடியலில் சாக்குப்பையோடு கிளம்புகிற பொம்பளைங்க எவ்வளவோ காலமாக மதிப்பை மீட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். அவர்கள் செய்தால் 'பொறுக்குவது'. கம்பெனி செய்தால் 'மறுசுழற்சி'. 2025 ஆகஸ்டில் இராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களைத் தனியாருக்குக் கொடுத்ததை எதிர்த்து ரிப்பன் மாளிகை முன் உட்கார்ந்த தூய்மைப் பணியாளர்களை நள்ளிரவில் போலீஸ் அப்புறப்படுத்தியது. குப்பை அள்ளியவர்களையே அள்ளிக்கொண்டு போனார்கள்.

வேறு வழி இல்லையா? இருக்கிறது. புனேயில் குப்பை பொறுக்கும் பெண்கள், பெரும்பாலும் தலித்துகள், 1993-இல் சங்கம் கட்டினார்கள். அதிலிருந்து பிறந்த 'ஸ்வச்' கூட்டுறவு 2008-இல் மாநகராட்சியோடு ஒப்பந்தம் போட்டது. வீட்டுக்காரர் தரும் கட்டணமும் பொருள் விற்ற காசும் அந்தப் பெண்களுக்கே என்பது ஏற்பாடு.

'அப்படியானால் சாதித் தொழிலை நிரந்தரமாக்கவா பார்க்கிறாய்?' என்று தோழர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. தோட்டி வேலையை உன்னதம் என்று காந்தி புகழ்ந்ததை 1945-இல் எழுதிய நூலில் அம்பேத்கர் கிழித்துப் போட்டார். நான் கேட்பதும் புகழ் அல்ல. இன்று இந்த வேலையில் நிற்கிறவளுக்கு நிரந்தரப் பணி வேண்டும், இயந்திரம் வேண்டும், விற்ற காசில் பங்கு வேண்டும். அவள் மகளுக்கு இந்த வேலை விதியாக இருக்கக் கூடாது. நல்ல சம்பளமும் பாதுகாப்பும் வந்தால் எல்லாச் சாதியும் வரும், வரட்டும். அன்றைக்குத்தான் இது தொழில். அதுவரைக்கும் தண்டனை.

சேலத்திலோ நாமக்கல்லிலோ அடுத்த டெண்டர் வரும்போது தொகையைப் பிறகு பார்ப்போம். பங்கு யாருக்கு என்று முதலில் கேட்போம். வீட்டுக்காரர்களுக்கும் ஒரு சேதி: உங்க குப்பையை நீங்களே தொட்டுப் பிரியுங்கள். கை ஒண்ணும் தீட்டாகிவிடாது.