வாயிலைத் திறந்தால் மட்டும் போதுமா?



புதிய கல்வியாண்டு பிறக்கிறது. மேற்கு மலையில் மேகம் இறங்கி, சாரலும் காற்றும் ஊருக்குள் வரத் தொடங்கும் இந்த ஜூன் மாதத்தில் நம் பள்ளியின் வாயிலில் தோரணம் கட்டுகிறோம். சந்தனமும் கற்கண்டும் வைக்கிறோம். புதிதாய் வரும் குழந்தைகளை மூத்த மாணவியர் கைபிடித்து வகுப்புக்கு அழைத்துச் செல்கின்றனர். பார்க்கக் கண்கொள்ளாக் காட்சிதான்! ஆயினும், தோரணத்து மாவிலை வாடியபின் அந்த வரவேற்பும் வாடிவிடுமானால் அதனால் யாருக்கு என்ன பயன்? ஒரு குடும்பத்தை வரவேற்பது என்றால் உண்மையில் என்ன? இதுபற்றி எமக்குத் தோன்றும் சிலவற்றை இங்கே எடுத்துரைக்க விரும்புகிறோம்.

முதலில், வருகிறவர்கள் யார் என்று எண்ணிப் பார்ப்போம். போடியிலிருந்து ஏலக்காய் வியாபாரியின் மகள் வருகிறாள். இலவம்பஞ்சு வியாபாரியின் மகளும் ஆசிரியர் வீட்டுப் பிள்ளையும் வருகின்றனர். பொட்டிபுரம், சிலமலை, இராசிங்காபுரம், தேவாரம் ஆகிய ஊர்களிலிருந்து மலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளும் வருகின்றனர். விடியுமுன் தூக்குவாளியோடு ஜீப்பில் ஏறி, போடிமெட்டு வளைவுகளைக் கடந்து, இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களில் களையெடுத்தும் காய் எடுத்தும் பொழுது சாய்ந்தபின் வீடு திரும்புகிற தாய்மார்களை நாம் எல்லோரும் அறிவோம். அவர்கள் தம் வயிற்றைக் கட்டி வாயைக் கட்டி மகளைப் படிக்க அனுப்புகின்றனர். வியாபாரியின் மகளுக்கும் இவர்களின் மகளுக்கும் ஒரே சீருடைதான். ஆனால் இரு குடும்பங்களும் ஒரே தைரியத்தோடு இந்த வாயிலுக்குள் நுழைகின்றனவா?

நம்முடையது அரசு மானியம் பெறாத தனிப் பள்ளி. ஆகவே அரசுப் பள்ளிக்கும் உதவிபெறும் பள்ளிக்கும் உள்ள பல கட்டுப்பாடுகள் நமக்கு இல்லை. இந்தச் சுதந்திரத்தை இரண்டு விதமாகப் பொருள் கொள்ளலாம். ‘குறைவாகச் செய்தாலும் நம்மைக் கேட்பார் இல்லை’ என்பது ஒன்று. ‘யாரும் கேட்காவிட்டாலும் நாமே முன்வந்து நிறைவாகச் செய்வோம்’ என்பது மற்றொன்று. இரண்டாவதே ஒரு கத்தோலிக்கப் பள்ளிக்கு அழகு என்பது எமது உறுதியான எண்ணம்.

இது புதிய கருத்தும் அன்று. 1844ஆம் ஆண்டில் புதுச்சேரியில் துபுயி அடிகளார், தமிழ்ப் பெண்பிள்ளைகளுக்குக் கல்வி தருவதற்கென்றே மரியாவின் மாசற்ற இருதயக் கன்னியர் சபையைத் தொடங்கினார். பெண்ணுக்கு எழுத்தும் படிப்பும் ஆகாது என்று பலரும் நம்பியிருந்த காலம் அது. பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி திறக்கும்படி அன்று எந்தச் சட்டம் கட்டளையிட்டது? ஒன்றுமில்லை. தேவையைக் கண்டார்கள், திறந்தார்கள். தமிழ்நாட்டில் கன்னியர் நடத்தும் பள்ளிகளெல்லாம் அந்தத் துணிவின் வழிவந்தவையே. அந்த மரபை மனத்தில் வைத்து மூன்று காரியங்களை ஆராய்வோம்.

முதலாவது, சேர்க்கை. 2009ஆம் ஆண்டின் இலவச, கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் சில நல்ல விதிகளை வகுத்தது. குழந்தையையோ பெற்றோரையோ தேர்வு வைத்து வடிகட்டிச் சேர்க்கக் கூடாது; நன்கொடை வாங்கக் கூடாது; வயதுச் சான்று இல்லை என்பதற்காகச் சேர்க்கையை மறுக்கக் கூடாது; மானியம் பெறாத தனியார் பள்ளிகள் தொடக்க வகுப்பில் நூற்றுக்கு 25 இடங்களை நலிந்த பிரிவினரின் குழந்தைகளுக்கு ஒதுக்க வேண்டும் என்பன அவற்றுள் சில. ஆனால் 2014ஆம் ஆண்டு மே 6ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின்படி, சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு இச்சட்டம் பொருந்தாது. 2025ஆம் ஆண்டில் அதே நீதிமன்றத்தின் இருவர் அமர்வு அத்தீர்ப்பின்மீது ஐயம் எழுப்பி, பெரிய அமர்வின் ஆய்வுக்கு உரியது என்று கருதியது. வழக்கு எவ்வாறு முடியுமோ, அது நீதிபதிகளின் பொறுப்பு. நம் பொறுப்பு வேறு.

நான்கு வயதுக் குழந்தையை நாற்காலியில் உட்கார வைத்துக் கேள்வி கேட்பதும், தந்தை என்ன படித்தார், தாய்க்கு ஆங்கிலம் தெரியுமா என்று விசாரிப்பதும் சட்டம் தடுத்தால் மட்டுமே தவறாகுமா? சட்டம் நம்மைத் தடுக்காத இடத்திலும் அது அன்புக்கு முரணானதே. கையெழுத்துக்குப் பதில் கைநாட்டு வைக்கும் தாய் தன் மகளுக்காகத் தலைகுனிந்து நிற்கும் நிலை எந்தத் தனிப் பள்ளியின் அலுவலக அறையிலும் ஏற்படலாகாது.

‘நான்கில் ஓர் இடத்தை எப்படித் தருவது? ஆசிரியர் சம்பளத்தை யார் கொடுப்பது?’ என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். சட்டத்தின் கீழ் வரும் பள்ளிகளுக்கு அந்தக் குழந்தைகளின் கட்டணத்தை அரசு ஈடுசெய்ய வேண்டும் என்ற ஏற்பாடு உண்டு. நமக்கு அது இல்லை. ஆசிரியையரின் சம்பளம் பெற்றோர் செலுத்தும் கட்டணத்திலிருந்தே வருகிறது. அதனால் முடிந்த அளவில் தொடங்குவோம் என்கிறோம். நாற்பது பேர் உள்ள வகுப்பில் நான்கு இடங்களை இவ்வாறு ஒதுக்க முடியாதா? வசதி படைத்த பெற்றோரும், இப்பள்ளியில் படித்து இன்று நல்ல நிலையில் உள்ள முன்னாள் மாணவியரும் ஆளுக்கொரு குழந்தையின் செலவை ஏற்றால் பாரம் ஒருவர் தோளில் மட்டும் விழாது. எந்தக் குழந்தை அவ்வாறு படிக்கிறாள் என்பது அலுவலக ஏட்டைத் தவிர வேறெங்கும் தெரியாமலிருக்க வேண்டும் என்பது மிக முக்கியம்.

கட்டணத்தைப் பற்றி மற்றொன்றும் சொல்ல வேண்டியுள்ளது. ஏலத்தோட்டத்தில் காய் எடுப்பு ஆடி, ஆவணியில்தான் சூடுபிடிக்கும்; தை, மாசிவரை தொடரும். கோடையில் வேலை குறைவு, கூலியும் குறைவு. நாமோ ஜூன் மாதத்தில், அவர்கள் மடியில் காசில்லாத நேரத்தில், கட்டணம், புத்தகம், சீருடை எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பணம் கேட்கிறோம். வட்டிக்குக் கடன் வாங்கித்தான் பலர் கட்டுகின்றனர். மலையின் நாட்காட்டியைப் பார்த்துத் தவணை வகுத்தால் என்ன? ஜூனில் ஒரு சிறு பகுதியும், புரட்டாசியில் ஒரு பகுதியும், தை பிறந்தபின் மீதியும் வாங்கினால் பள்ளிக்கு நட்டமில்லை. குடும்பத்துக்கு வட்டி மிச்சம்.

இரண்டாவது, வயிற்றுப் பசி. குழந்தைகளைப் பள்ளிக்கு அழைப்பதற்கு முதலில் சோறு வேண்டும் என்பதைத் தமிழ்நாடு நெடுங்காலத்துக்கு முன்பே உணர்ந்தது. காமராசர் முதலமைச்சராயிருந்த 1950-களில் மதிய உணவுத் திட்டம் மாநிலமெங்கும் பரவியது. எம்.ஜி.ஆர். ஆட்சியில் 1982ஆம் ஆண்டு ஜூலையில் அது சத்துணவுத் திட்டமாக விரிந்தது. 2022ஆம் ஆண்டு செப்டம்பரில் அரசுத் தொடக்கப்பள்ளிகளுக்கான காலை உணவுத் திட்டம் நம் அருகிலுள்ள மதுரையில் தொடங்கப்பெற்றது. 2024ஆம் ஆண்டு ஜூலை 15ஆம் நாள், காமராசர் பிறந்த நாளில், ஊரகப் பகுதிகளிலுள்ள அரசு உதவிபெறும் தொடக்கப்பள்ளிகளுக்கும் அது நீட்டிக்கப்பெற்றது.

நம்மைப் போன்ற மானியம் பெறாத பள்ளிகளுக்கு இத்திட்டம் வராது. கட்டணம் கட்டிப் படிக்கும் பிள்ளைக்குப் பசி இருக்காது என்று எண்ணிவிடலாகாது. தாய் நான்கு மணிக்கு எழுந்து ஆக்கி வைத்துவிட்டு ஐந்து மணிக்கு ஜீப்பில் ஏறிவிட்டால், ஆறிய சோற்றைத் தம்பிக்கு ஊட்டி, தானும் இரண்டு கவளம் விழுங்கி, தலைவாரிக்கொண்டு ஓடி வருகிறவள் பத்து வயது மகளே. அவள் இரண்டாம் பாடவேளையில் தூங்கி விழுந்தால், அதைச் சோம்பல் என்று கண்டிப்பதா, பசி என்று கண்டுகொள்வதா? மணி அடிப்பதற்கு அரைமணி நேரம் முன்பு ஒரு பானை கஞ்சியோ உப்புமாவோ, கொஞ்சம் சுண்டலோ ஆயத்தமாக இருக்கட்டும். ‘ஏழைப் பிள்ளைகள் இந்தப் பக்கம் வாருங்கள்’ என்று பிரித்துவிடாமல், வேண்டுகிற யாவரும் உண்ணலாம் என்று இருக்கட்டும். வியாபாரி மகளும் தோட்டத் தொழிலாளி மகளும் ஒரே வரிசையில் அமர்ந்து உண்டால், பாடப் புத்தகம் கற்பிக்காத ஒன்றையும் அவர்கள் கற்றுக்கொள்வார்கள்.

மூன்றாவது, பெற்றோரின் குரல். கல்வி உரிமைச் சட்டத்தின்படி அரசுப் பள்ளிகளிலும் உதவிபெறும் பள்ளிகளிலும் பள்ளி மேலாண்மைக் குழு அமைய வேண்டும். அதில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், பாதிப்பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்று அச்சட்டம் கூறுகிறது. மானியம் பெறாத பள்ளிகளுக்கு இவ்விதியிலிருந்தும் விலக்கு. பெற்றோர் கூட்டம் என்று நாம் கூட்டுவது பெரும்பாலும் வேலை நாளில், காலை பதினொரு மணிக்கு. அதற்கு வரும் தாய்க்கு ஒரு நாள் கூலி போயிற்று. வந்தபின் அவள் கேட்பது என்ன? மதிப்பெண் குறைவு, கட்டண பாக்கி, வராத நாட்களின் கணக்கு! பேசுவது நாம், தலையாட்டுவது அவள். இதற்குப் பெயர் கூட்டமா?

நியூட்ரினோ ஆய்வகத்துக்கென்று தேர்ந்தெடுக்கப்பெற்றதால் நம் பொட்டிபுரத்தின் பெயர் உலகச் செய்தித்தாள்களில் எல்லாம் வந்தது. 2015ஆம் ஆண்டு ஜனவரியில் மத்திய அமைச்சரவை அதற்கு ஒப்புதல் அளித்தபின் எழுந்த வாதங்களை நாம் அறிவோம். அத்திட்டம் வேண்டுமா வேண்டாமா என்பது இந்தக் கட்டுரையின் பொருளன்று. ஆயினும், மலையடிவாரத்து மக்களுக்கு முன்கூட்டியே விளக்கிச் சொல்லி, அவர்கள் கருத்தைக் கேட்டார்களா என்பதும் அந்த வாதங்களில் ஒன்றாய் இருந்தது. பெரிய விஞ்ஞானத் திட்டமானாலும் சிறிய பள்ளியானாலும் இந்தப் பாடம் ஒன்றுதான். அறிவித்துவிடுவது வேறு, கலந்து பேசுவது வேறு.

ஆகவே பெற்றோர் கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமை பிற்பகலுக்கு மாற்றலாம். வருகிறவர்கள் அனைவருக்கும் உட்கார இருக்கை வேண்டும். எல்லோரையும் ‘வாங்கம்மா, வாங்கய்யா’ என்று ஒரே குரலில் அழைக்க வேண்டும். சுற்றறிக்கை ஆங்கிலத்தில் போனால் தமிழிலும் போகட்டும்; எழுத்தறியாதவர்க்கு வாய்மொழியாகவும் சொல்லப்படட்டும். மகளைப் பற்றிய முதல் செய்தி புகாராக இல்லாமல் பாராட்டாக இருக்கட்டும். ‘உங்கள் மகள் கணக்கில் கெட்டிக்காரி’ என்ற ஒரு சொல், மலைச்சரிவில் நாள் முழுதும் குனிந்து காய் எடுக்கும் தாயின் முதுகை நிமிர்த்தும்.

அன்பான பெற்றோர்களே! வரவேற்பு ஒரு கைத் தட்டலன்று. உங்களிடமும் சில கேட்கிறோம். காய் எடுப்புக் காலத்தில் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள எட்டாம் வகுப்புப் பெண்ணை வீட்டில் நிறுத்திவிடாதீர்கள். ஒரு வாரம் என்று தொடங்குவது ஒரு பருவமாகி, பிறகு படிப்பே நின்றுபோவது உண்டு. வீட்டில் துன்பம் இருந்தால் ஆசிரியையிடம் மனம்விட்டுச் சொல்லுங்கள். சொல்லாத துன்பத்துக்கு வழிகாண யாராலும் இயலாது. கட்டணம் கட்ட முடியவில்லை என்ற கூச்சத்தில் மகளை அனுப்பாமலிருக்க வேண்டாம். கூட்டத்துக்கு வராமலும் இருக்க வேண்டாம். இது உங்கள் பள்ளி. கேள்வி கேட்கும் உரிமை வசதியுள்ளவர்களுக்கு மட்டும் உரியதன்று.

மாணவச் செல்வியரே! நாங்கள் எத்தனை ஏற்பாடு செய்தாலும், புதிதாய் வந்த பிள்ளைக்கு இந்தப் பள்ளி இனிக்குமா கசக்குமா என்பது உங்கள் கையில்தான் இருக்கிறது. பெஞ்சில் சற்று நகர்ந்து இடம் கொடுங்கள். அவளது பேச்சையோ பழைய பையையோ கண்டு சிரிக்காதீர்கள். இடைவேளையில் தனித்து நிற்பவளை விளையாட்டுக்கு அழையுங்கள். இதற்குச் செலவு ஏதுமில்லை. ஆனால் ஒருத்தி பள்ளியை விட்டு நின்றுவிடாமல் காக்கும் வல்லமை இதற்கு உண்டு.

மதுரையிலிருந்து போடிக்கு 1928ஆம் ஆண்டு முதல் ஓடிய ரயில், பாதையை அகலப்படுத்துவதற்காக 2010ஆம் ஆண்டின் இறுதியில் நிறுத்தப்பட்டு, 2023ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில்தான் திரும்பி வந்தது. குறுகிய பாதை அகலமாவதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குமேல் ஆயிற்று! அதுவரை நம்மூர் மக்கள் காத்திருந்தனர். ஒரு பெண்பிள்ளையால் அவ்வளவு காலம் காத்திருக்க இயலாது. பன்னிரண்டு ஆண்டுகளில் அவளுடைய பள்ளிப்பருவமே முடிந்துவிடும். நம் பாதையை அகலப்படுத்த வேண்டிய ஆண்டு இந்த ஆண்டே.

எந்தச் சட்டமும் நம்மைக் கட்டாயப்படுத்தவில்லை, எந்தத் திட்டமும் நமக்கு வரவில்லை என்பவை செய்யாமலிருப்பதற்குக் காரணங்கள் அல்ல. நாமாக விரும்பிச் செய்வதற்குக் கிடைத்த வாய்ப்புகளே அவை. இந்த எண்ணத்தோடு புதிய குடும்பங்கள் அனைத்தையும், விடியற்காலை ஜீப்பில் போகிறவர்களையும் காரில் வருகிறவர்களையும் ஒருசேர, இருகரம் கூப்பி அழைக்கிறோம். வருக! உங்கள் செல்வியர் கல்வியிலும் நற்பண்பிலும் ஓங்கி வளர இறைவன் அருள்புரிவாராக!