பூட்டுப் போடுபவன் யார்?

ஓசூர்த் தமிழர் தவறாது பார்க்க வேண்டிய கன்னடத் திரைப்படம் ஒன்றுண்டு. காசர்கோட்டு அரசுப் பள்ளியொன்றின் பெயரையே தலைப்பாகக் கொண்டு, இரிசப் செட்டி இயக்கி, 2018-இல் வெளிவந்த நகைச்சுவைப் படம் அது. சிறந்த சிறுவர் படத்திற்கான நடுவணரசு விருதும் பெற்றது.

1956-இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபொழுது காசர்கோடு கேரளத்தின்பாற் சென்றது. அங்குள்ள கன்னடவழிப் பள்ளியை மூடிவிடத் துடிக்கின்றார் கல்வி அலுவலர். கன்னடமே அறியாத மலையாள ஆசிரியரைக் கணக்கு நடத்த அனுப்புகின்றார். அவர் சொல்வது பிள்ளைகட்கு விளங்கவில்லை. பிள்ளைகள் கேட்பது அவர்க்கு விளங்கவில்லை. அரங்கம் சிரிக்கின்றது. சிரித்து முடிப்பதற்குள் ஒரு பள்ளியின் உயிர் போய்க்கொண்டிருப்பது தெரிகின்றது! பின்னர் மைசூரிலிருந்து வந்துசேரும் முதியவராக அனந்த நாகு முறைமன்றத்தில் வழக்காடுகின்றார்.

ஓசூரும் எல்லையூரே. இங்கும் கன்னடவழி, தெலுங்குவழி அரசுப் பள்ளிகள் உள்ளன. அப்பிள்ளைகள் தமிழ் கற்க வேண்டும் என்பது முறை. 2006-ஆம் ஆண்டுச் சட்டமும் அதுவே. ஆயினும் கணக்கையும் அறிவியலையும் அவர்தம் மொழியறிந்த ஆசிரியரே நடத்துதல் வேண்டும். பெங்களூர்த் தமிழ்ப் பிள்ளைக்குக் கேட்கும் உரிமையை ஓசூர்க் கன்னடப் பிள்ளைக்கு மறுப்பவன், காசர்கோட்டு அலுவலரைப் பார்த்துச் சிரிக்கத் தகுதியற்றவன்.

சரி, ஓசூர்த் தமிழ்வழிப் பள்ளியைப் பற்றி இப்படியொரு படம் எடுப்பதாயின், தீயோன் வேடத்திற்கு யாரைத் தேடுவது? பெங்களூரிலிருந்து எவரும் பூட்டொடு வரவில்லை. தில்லியிலிருந்தும் வரவில்லை (விருப்பம் இல்லாமலன்று!). தொழிற்பேட்டையில் உழைத்துக் களைத்த தமிழ்த் தந்தையே கடன்பட்டுக் கட்டணங் கட்டி, மஞ்சள் வண்டியில் பிள்ளையை ஆங்கிலவழிப் பள்ளிக்கு ஏற்றி அனுப்புகின்றான். அவனை மட்டும் பழித்துப் பயனென்ன? ஐந்தாம் வகுப்புவரை தமிழோ தாய்மொழியோதான் பயிற்றுமொழி என 1999-இல் தமிழக அரசு ஆணையிட்டது. அதனை எதிர்த்து வழக்காடியோர் அயலார் அல்லர். தமிழ்நாட்டுத் தனியார் பள்ளியினரே. 2000-இல் சென்னை உயர்முறைமன்றத்தில் ஆணை வீழ்ந்தது. 2012-13 முதல் அரசே தன் பள்ளிகளில் ஆங்கிலவழி வகுப்புகளைப் பெருக்கியது.

கன்னடர்க்கும் இதே அடிதான். அவர்தம் அரசின் 1994-ஆம் ஆண்டுத் தாய்மொழிவழி ஆணையை 2014-இல் உச்சமுறைமன்றம் தள்ளியது. அவர்கள் சிரித்துக்கொண்டே அழ ஒரு படமாவது எடுத்தனர். தமிழ்த்திரைக்கோ பள்ளி என்றால் காதல் அரும்பும் இடம். தமிழாசிரியர் என்றால் கோமாளி.

ஓசூர்ப் படத்தை எவரேனும் எடுக்க முன்வரின், முதற்காட்சி ஆயத்தமாகவே உள்ளது: தூய தமிழில் முழங்கிவிட்டு மேடையிறங்கும் பேச்சாளர், மறுநாட் காலை தம் மகனை எந்தப் பள்ளி வாயிலில் இறக்கிவிடுகின்றார் என்பது.