பெயரைப் போட்டால் என்ன?

கலியாணப் பத்திரிகையில் தாய்மாமன் பெயர் விட்டுப் போனால் என்ன நடக்கும்? சொல்ல வேண்டியதில்லை! மாமன் பந்தியில் உட்கார மாட்டார். மாமி முகம் கொடுத்துப் பேச மாட்டாள். பத்து வருடம் கழித்தும் அந்தப் பேச்சு வரும்.

மாமன் பணம் கேட்கவில்லை. "என் பெயர் எங்கே?" என்றுதான் கேட்கிறார். அது நியாயமான கேள்வி என்பது என் கட்சி. இதே கேள்வி கம்ப்யூட்டர் உலகத்திலும் இருக்கிறது.

கூலி இல்லாத வேலை

கம்ப்யூட்டரும் செல்போனும் தாமாக வேலை செய்வதில்லை. "இதைச் செய், அதைச் செய்" என்று அவற்றுக்குக் கட்டளை எழுதி வைக்க வேண்டும். அந்தக் கட்டளைகளின் தொகுப்புதான் மென்பொருள். சில மென்பொருள்களைக் கம்பெனிகள் விற்கின்றன. வேறு சில உண்டு. அவற்றை யாரும் எடுத்துக் கொள்ளலாம். திருத்தலாம். பிறருக்கும் கொடுக்கலாம். இவற்றுக்குக் கட்டற்ற மென்பொருள் என்று பெயர். அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்பவர் 1983-ம் ஆண்டில் இந்த முயற்சியைத் தொடங்கினார்.

1991-ம் ஆண்டில் பின்லாந்து நாட்டில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற 21 வயது மாணவர் ஒரு மென்பொருள் எழுதி, ஊருக்கெல்லாம் கொடுத்தார். பல நாட்டு ஆட்கள் அதைத் திருத்தி வளர்த்தார்கள். அதுதான் லினக்ஸ். உங்களிடம் ஆண்ட்ராய்டு செல்போன் இருக்கிறதா? அப்படியானால் லினக்ஸ் உங்கள் சட்டைப் பையில் இருக்கிறது!

இன்று லினக்ஸ் வேலையில் பெரும் பகுதியைச் சம்பளக்காரர்கள்தான் செய்கிறார்கள். அதை மறைக்க வேண்டாம். ஆனால், சின்னச் சின்னக் கட்டற்ற மென்பொருள்கள் ஏராளம். அவற்றைப் பகலில் ஆபீசுக்குப் போய்விட்டு, இரவில் கண் விழித்துத் தொண்டாகச் செய்கிறவர்கள் பலர். அவர்களுக்குக் கூலி கிடையாது. பெயர் ஒன்றுதான் கூலி.

லினக்சுடன் ஒரு பெயர்ப் பட்டியலும் சேர்ந்தே வருகிறது. யார் என்ன செய்தார் என்று அதில் எழுதியிருக்கிறது. "இது முழுப் பட்டியல் அல்ல" என்ற பொருளில் அதிலேயே ஒப்புக்கொண்டும் இருக்கிறார்கள். எனக்கு அதைவிடப் பிடித்தது இன்னொரு வழக்கம். லினக்சில் ஒரு பிழையைத் திருத்தினால், திருத்தியவர் பெயரோடு நிறுத்துவதில்லை. "இங்கே பிழை இருக்கிறது" என்று முதலில் சொன்னவர் பெயரையும், சோதித்துப் பார்த்தவர் பெயரையும் பக்கத்தில் எழுதுகிறார்கள். குறை சொன்னவனுக்கும் மரியாதை! நம் வீட்டில் குழம்பில் உப்பு இல்லை என்று சொன்னவனுக்கு இந்த மரியாதை கிடைக்குமா?

ஆனால் ஒரு சங்கடம். இந்தப் பட்டியலெல்லாம் மென்பொருளின் வயிற்றுக்குள் கிடக்கிறது. செல்போனை உபயோகிக்கும் உங்கள் கண்ணிலோ என் கண்ணிலோ படுவதில்லை. எழுதி, பெட்டிக்குள் வைத்துப் பூட்டிய நன்றி அது.

பழிக்கு மட்டும் பெயர்!

2014-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் நடந்ததைக் கேளுங்கள். ஓப்பன்எஸ்எஸ்எல் என்று ஒரு கட்டற்ற மென்பொருள். இணையத்தில் நீங்கள் அனுப்பும் ரகசியச் சொல்லையும் பண விவரத்தையும் பிறர் படிக்காமல் காப்பது அதன் வேலை. உலகத்தில் எத்தனையோ பெரிய கம்பெனிகள் அதை நம்பியிருந்தன. அதற்கு முழு நேரமும் உழைத்தவர் எத்தனை பேர் தெரியுமா? ஒரே ஒருவர்!

அதில் ஓர் ஓட்டை இருப்பது அந்த மாதம் தெரிந்தது. உலகமே அலறியது. அந்தப் பகுதியை எழுதியவர் ஜெர்மனியில் ஓர் ஆராய்ச்சி மாணவர். 2011-ம் ஆண்டின் கடைசி நாளன்று அது சேர்க்கப்பட்டது. ஒரு சிறு சோதனையை அவர் விட்டுவிட்டார். சரிபார்த்தவர் கண்ணிலும் அது படவில்லை. சில நாட்களிலேயே அந்த மாணவர் பெயர் பல நாட்டுப் பத்திரிகைகளில் அச்சாயிற்று. அதே மென்பொருளில் அவர் பல பிழைகளைத் திருத்திக் கொடுத்தவர். அப்பொழுதெல்லாம் எந்தப் பத்திரிகை அவர் பெயரைப் போட்டது?

நாங்கள் பத்திரிகைக்காரர்கள்தான். எங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

"தொண்டு செய்கிறவனுக்குப் பெயர் ஆசை எதற்கு?" என்று சில பெரியவர்கள் கேட்பார்கள். கேட்பவர்களில் பலர் கோவில் டியூப் லைட்டில் உபயம் எழுதியவர்கள்! என் முதல் கட்டுரை அச்சில் வந்த அன்று நான் கட்டுரையைப் படிக்கவில்லை. கீழே இருந்த பெயரைத்தான் பத்துத் தடவை படித்தேன். இதில் வெட்கப்பட எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

பெயருக்குப் பதிலாகப் பரிசு கொடுத்தால் ஆகாதா? அதையும் பார்த்தாயிற்று. 2020-ம் ஆண்டு அக்டோபரில், நான்கு திருத்தம் அனுப்பினால் ஒரு சட்டை இனாம் என்று ஒரு கம்பெனி அறிவித்தது. உடனே உருப்படாத திருத்தங்கள் வந்து குவிந்தன. அவற்றைத் தள்ளுவதே தொண்டர்களுக்குத் தனி வேலையாகிவிட்டது. அந்த மாதமே விதியை மாற்றினார்கள்.

எனக்குத் தோன்றும் வழி எளியது. பெயரை உபயோகிப்பவர் கண்ணில் படும்படி திரையிலேயே போடுங்கள். வலைத்தளம் கட்டும் வேர்ட்பிரஸ் மென்பொருளில் 2011-ம் ஆண்டே இதற்கென ஒரு பக்கம் வைத்துவிட்டார்கள். எழுதியவர் மட்டும் போதாது. பிழை சொன்னவர், படம் வரைந்தவர், மொழிபெயர்த்தவர் எல்லாரும் வரட்டும். பெயர் வேண்டாம் என்பவரும் உண்டு. அவரை ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு விட்டுவிடலாம்.

க்னோம் என்ற கட்டற்ற மென்பொருள்களில் ஓர் அழகான ஏற்பாடு பார்த்தேன். மொழிபெயர்த்தவர்கள் தங்கள் பெயரை எழுத அங்கே ஓர் இடம் விட்டிருக்கிறார்கள். பிரெஞ்சு மொழியில் திறந்தால் பிரெஞ்சில் மொழிபெயர்த்தவர் பெயர். தமிழில் திறந்தால் தமிழில் மொழிபெயர்த்தவர் பெயர். உங்கள் வீட்டுப் பிள்ளை கம்ப்யூட்டரில் லினக்ஸ் வைத்திருந்தால், தமிழில் மாற்றி, "பற்றி" என்ற வரியைத் தட்டச் சொல்லுங்கள். உங்களுக்குத் தெரிந்த பெயர் ஒன்று அதில் இருந்தாலும் இருக்கும்.