விலை பேசும் முன் பத்திரத்தைப் பேசுங்கள்!

வீட்டை விற்பது என்று முடிவானதும் பெரும்பாலான குடும்பங்கள் செய்யும் முதல் வேலை வெள்ளையடிப்பது. இரண்டாவது வேலை புரோக்கரிடம் சொல்லிவைப்பது. ஆனால், வாங்க வருகிறவர் சுவரையா பார்க்கிறார்? வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, “பட்டா யாரு பேர்ல இருக்குண்ணே?” என்றுதான் கேட்கிறார். பேச்சு பல நேரம் அங்கேயே நின்றுவிடுகிறது.

வைகை பிறக்கும் மலையடிவாரமான வருசநாட்டில் இது இன்னும் அதிகம். பிள்ளைகள் திருப்பூர், கோவை என்று பிழைக்கப் போயிருப்பார்கள். ஊரில் வீடு பூட்டிக் கிடக்கும். மகள் கல்யாணம், ஆஸ்பத்திரிச் செலவு என்று ஏதாவது வரும்போதுதான் வீட்டை விற்கும் எண்ணமே வரும். காகிதங்களைச் சரிசெய்ய மாதக்கணக்கில் ஆகும். செலவோ நாளைக்கே நிற்கும். அப்போது கேட்ட விலைக்குக் கொடுத்துவிட்டு வரவேண்டியதுதான். பலரும் செய்யும் தவறுகளை இப்போதே தெரிந்துகொண்டால், அந்த நிலைமையைத் தவிர்க்கலாம்.

1. நிலம் எந்த வகை என்று பார்க்காதது

வருசநாட்டுப் பகுதியில் பட்டா நிலம், கிராம நத்தம், புறம்போக்கு, வன நிலம் எல்லாமே அக்கம்பக்கமாகக் கிடக்கின்றன. மலைப்பகுதி ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகமாக 2021-ல் அறிவிக்கப்பட்டது.

“மூணு தலைமுறையா இருக்கோம். வீட்டு வரி ரசீது இருக்கு, கரன்ட் பில் இருக்கு” என்பார்கள். இரண்டும் அங்கே குடியிருப்பதைக் காட்டும். நிலம் யாருடையது என்பதைக் காட்டாது. வன உரிமைச் சட்டம், 2006-ன்படி கிடைத்த உரிமை வாரிசுகளுக்குப் போகும். அதை யாருக்கும் விற்க முடியாது. அரசு கொடுத்த இலவச மனைப் பட்டா என்றால், விற்பதற்கான நிபந்தனை அதிலேயே எழுதியிருக்கும். படித்துப் பார்க்க வேண்டும். இதையெல்லாம் மறந்து, வெள்ளைப் பேப்பரில் எழுதிக் கைமாற்றிவிட்டால், வாங்கியவர் ஒருநாள் பணத்தைத் திருப்பிக் கேட்டு வாசலில் நிற்பார்.

2. தாத்தா பெயரிலேயே பட்டாவை விட்டுவைப்பது

அப்பா, தாத்தா இறந்து பல வருடமாகியும் பட்டா அவர்கள் பெயரிலேயே இருக்கும். வாரிசுச் சான்றிதழ் வாங்கி, ஆண்டிபட்டி தாலுகா அலுவலகத்தில் பெயர் மாற்றி முடிக்கும்வரை எந்த வாங்குபவரும் காத்திருக்க மாட்டார். பத்திரத்தில் உள்ள அளவும் பட்டாவில் உள்ள அளவும் ஒத்துப்போகிறதா என்பதையும் பார்த்துக்கொள்வது நல்லது. வித்தியாசம் இருந்தால், சர்வேயரை வைத்து அளந்து சரிசெய்த பிறகே விலை பேச வேண்டும்.

3. வீட்டுப் பெண்களை மறப்பது

“தங்கச்சிக்குத்தான் நகை போட்டுக் கட்டிக்கொடுத்துட்டோமே” என்று அண்ணன் தம்பிகள் மட்டும் கையெழுத்துப் போட்டு விற்பது பெரிய தவறு. இந்து குடும்பத்தில் அப்பா சுயமாகச் சம்பாதித்த வீட்டை உயில் எழுதாமல் இறந்தால், மனைவி, மகன், மகள் எல்லோருக்கும் சம பங்கு. அப்பாவின் தாயார் இருந்தால் அவருக்கும் உண்டு. பூர்வீகச் சொத்திலும் மகளுக்கு மகனுக்குச் சமமான உரிமை உண்டு என்கிறது 2005-ல் வந்த சட்டத் திருத்தம். அப்போது தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்பதில்லை என்று உச்ச நீதிமன்றமும் 2020 ஆகஸ்ட்டில் தீர்ப்பு சொல்லிவிட்டது.

கல்யாணச் செலவு பங்குக்கு ஈடாகாது. அவர்களையும் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசி, பங்கைக் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள். விட்டுக்கொடுக்க மனம் உள்ளவர் என்றால் விடுதலைப் பத்திரம் பதிவு செய்யலாம். கோர்ட் வாசலில் போய் நிற்பதைவிட இது எவ்வளவோ மேல்.

4. அடைத்த கடனை வில்லங்கத்தில் விட்டுவைப்பது

பேங்க் கடனை அடைத்துப் பத்திரத்தையும் வாங்கி வந்திருப்பார்கள். ஆனால், அடமானம் வைத்ததைப் பதிவு செய்திருந்தால், கடன் தீர்ந்ததற்கான ரசீதையும் பதிவு செய்ய வேண்டும். இல்லாவிட்டால் வில்லங்கச் சான்றிதழில் அந்தக் கடன் அப்படியே நிற்கும். பதிவுத்துறை இணையதளத்தில் முதலில் நீங்களே வில்லங்கம் போட்டுப் பாருங்கள்.

5. ஆசைக்கு விலை சொல்வது

தேனியில் சென்ட் என்ன விலை என்பதை வைத்து வருசநாட்டு வீட்டுக்கு விலை சொன்னால், வருகிறவர்கள் திரும்பிப் போய்விடுவார்கள். அரசின் வழிகாட்டி மதிப்பு பதிவுக் கட்டணத்துக்கான கணக்கு. அதுவும் சந்தை விலை ஆகாது. அதே தெருவில், அண்மையில் என்ன விலைக்குக் கிரயம் ஆனது என்று நான்கு பேரிடம் விசாரிப்பதே சரியான அளவுகோல்.

6. ரொக்க அட்வான்ஸும் வாய்ப் பேச்சும்

வெற்றிலைப் பாக்கு மாற்றிக்கொண்டு, ரொக்கமாக லட்ச ரூபாய் வாங்கிவிடுவார்கள். வீடு விற்பதற்கு ரூ.20,000 அல்லது அதற்கு மேல் ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகை அளவுக்கே வருமான வரித்துறை அபராதம் விதிக்கலாம். அது விற்பவர் தலையில்தான் விழும். பேங்க் மூலமே வாங்குங்கள். கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்யுங்கள். எத்தனை மாதத்தில் பாக்கியைத் தர வேண்டும், தராவிட்டால் அட்வான்ஸ் என்ன ஆகும் என்பதையும் அதில் எழுதுங்கள். அசல் பத்திரத்தைப் புரோக்கர் கையில் கொடுத்தனுப்ப வேண்டாம். வெளியூரில் இருப்பவர்கள் அவருக்குப் பொது அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுப்பதும் ஆபத்து.

7. பத்திரத்தில் விலையைக் குறைத்து எழுதுவது

முத்திரைத்தாள் செலவை மிச்சம் பிடிக்க, வாங்குபவர் குறைத்து எழுதச் சொல்வார். மீதியை ரொக்கமாக வாங்கினால், பிறகு அதை பேங்க்கில் போடும்போது கணக்குக் காட்ட முடியாது. கிரய விலையைவிட வழிகாட்டி மதிப்பு 10 சதவிகிதத்துக்கு மேல் அதிகமாக இருந்தால், அந்த மதிப்பை வைத்துத்தான் லாபத்துக்கு வரி கணக்கிடுவார்கள். இரண்டு வருடத்துக்கு மேல் வைத்திருந்த வீட்டை விற்றுக் கிடைத்த லாபத்தில், இரண்டு வருடத்துக்குள் வேறு வீடு வாங்கினாலோ, மூன்று வருடத்துக்குள் கட்டினாலோ வரிச் சலுகை உண்டு. ஆடிட்டரிடம் கிரயத்துக்கு முன்பே ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

விற்கும் எண்ணம் இப்போது இல்லாவிட்டாலும், இந்த வாரம் ஒருநாள் டிரங்குப் பெட்டியைத் திறந்து தாய்ப் பத்திரம், பட்டா, வரி ரசீது மூன்றையும் எடுத்து வைத்துப் பாருங்கள். பெயரும் அளவும் சரியாக இருக்கும் வீட்டுக்காரர், நல்ல விலை வரும்வரை நிதானமாகக் காத்திருக்கலாம்.