தாழும் செடான்

திருவண்ணாமலையில் செடானைத் தாழ்த்த விலை மலிவான காயில் ஓவர் (உயரத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய ஸ்பிரிங்-ஷாக் அப்சார்பர் தொகுப்பு) தேடுபவர்கள் முதலில் வேகத்தடையைப் பார்க்க வேண்டும். இந்தியச் சாலைக் காங்கிரஸ் சொல்லும் உயரம் 10 செ.மீ.; ஹோண்டா சிட்டியின் தரை இடைவெளி 16.5 செ.மீ. அதில் 4 செ.மீ. குறைத்துவிட்டு, கிரிவலத்துக்கு ஐந்து பேரை ஏற்றினால் என்ன மிஞ்சும்? தெருக்களில் ஆளுக்கொரு உயரத்தில் போட்ட தடைகளோ அந்த அளவையும் மதிப்பதில்லை. 'வேண்டும்போது உயர்த்திக்கொள்ளலாமே' என்பார்கள். ஆனால் உயரத்தை மாற்றத் திருகும் வளையம், மரைக்குள் செம்மண்ணும் மழைநீரும் புகுந்து இறுகிவிட்டால், ஸ்பேனருக்கு அசையாது. அசைந்தாலும் ஒவ்வொரு முறையும் வீல் அலைன்மென்ட் பார்த்தாக வேண்டும். ஸ்பிரிங்கை வெட்டித் தாழ்த்துவதைவிடக் காயில் ஓவர் மேல்தான், மறுக்கவில்லை. ஆனால் கையில் இருப்பது குறைந்த பணம் என்றால், கம்பெனி உயரத்தை விடாமல் நான்கு ஷாக் அப்சார்பர்களையும் தரமானதாக மாற்றுங்கள். வளைவில் வண்டி அலைபாய்வது அதிலேயே வெகுவாகக் குறையும்.