வானத்துக் கண்ணும் வயற்காட்டு மண்ணும்

பேத்தமங்கலத்துக்கு அருகில் இரண்டு ஏக்கர் நிலமும் நான்கு கறவைப் பசுக்களும் வைத்துக் குடும்பம் நடத்தும் அன்பர் ஒருவர் நமக்கு இவ்வாறு எழுதிக் கேட்டிருக்கிறார்: "செயற்கைக்கோள் வானத்திலிருந்தபடியே நம் நிலத்தின் வளத்தை அளந்துவிடுமாம். மண்ணில் எவ்வளவு கரி சேர்ந்திருக்கிறது என்பதையும் சொல்லிவிடுமாம். அந்தக் கரிக்கு விலை உண்டு, இந்தத் தாளில் கையெழுத்திடுங்கள் என்று ஒருவர் வந்து சொல்லிப் போனார். கையெழுத்திடலாமா?"

இந்தப் பகுதியில் வழக்கமாகப் பிள்ளைகளின் படிப்பு, ரேஷன் அட்டை, ரயில் பயணச் சலுகை முதலியவற்றையே எழுதி வருகிறோம். விண்வெளியைப் பற்றி எழுத நேரும் என்று நாம் எண்ணியதில்லை. ஆயினும் இது நம்மவர் பலருக்கும் உரிய வினா. 2001 பிப்ரவரி 28-ஆம் நாள் தங்கச் சுரங்கங்கள் மூடப்பட்ட பின், நம் வீட்டு ஆடவரும் பெண்டிரும் பெங்களூருக்கு ரயிலேறிப் பிழைக்கத் தொடங்கினர். சிலர் பசு வாங்கினர். சிலர் கையில் வந்த தொகையைக் கொண்டு சுற்றுப்புறக் கிராமங்களில் துண்டு நிலம் வாங்கினர். வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்து மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கிப் பாறையை உடைத்தவர்களின் பேரர்கள், இன்று மேற்பரப்பில் உள்ள ஒரு சாண் மண்ணை நம்பியிருக்கிறார்கள். அந்த ஒரு சாண் மண்ணைப் பற்றியதே இந்த வினா.

முதலில் வானத்துக் கண் எவ்வாறு காண்கிறது என்பதைப் பார்ப்போம். சூரிய ஒளி நிலத்தின்மேல் பட்டுத் திரும்புகிறது. திரும்பும் ஒளியைச் செயற்கைக்கோளில் உள்ள கருவி நிறம் நிறமாகப் பிரித்துக் குறித்துக்கொள்கிறது. செழித்த இலையானது சிவப்பு ஒளியைப் பெரும்பாலும் தானே உறிஞ்சிக்கொள்ளும். நம் கண்ணுக்குப் புலப்படாத, சிவப்புக்கு அப்பாற்பட்ட ஒளியையோ மிகுதியாகத் திருப்பி அனுப்பிவிடும். வாடிய இலையும் வெறும் தரையும் அப்படிச் செய்வதில்லை. இவ்விரு ஒளிகளுக்கும் உள்ள வேறுபாட்டை அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்தால் ஓர் எண் கிடைக்கும். அது ஒன்றை நெருங்க நெருங்கப் பசுமை மிகுதி. பூஜ்யத்தை நெருங்கினால் தரை வெறுமை. விஞ்ஞானம் எவ்வளவு பெரிதாகப் பேசினாலும் இதன் அடிக்கணக்கு நாலாம் வகுப்புக் கணக்குத்தான்.

நம் நாட்டில் இக்கலைக்கு வித்திட்டவர் பேராசிரியர் பி. ஆர். பிஷாரோட்டி. அவர் 1970-இல் கேரளத்துத் தென்னந்தோப்புகளை வானிலிருந்து இத்தகைய ஒளியைப் பதியும் பிலிமில் படம் எடுத்து, வாடல் நோய் கண்ட மரங்களைப் பிரித்துக் காட்டினார். பின்னர் 1988 மார்ச் 17-ஆம் நாள் ஐ.ஆர்.எஸ். 1ஏ என்னும் நம் நாட்டுச் செயற்கைக்கோள் ருஷ்ய ராக்கெட்டில் ஏறிச் சென்றது. அதன் கருவிகளில் ஒன்று எடுத்த படத்தில் ஒரு புள்ளி என்பது தரையில் 72.5 மீட்டர் நீளமும் அவ்வளவே அகலமும் உடைய சதுரம். அதாவது ஒன்றேகால் ஏக்கருக்கும் சற்றுக் கூடுதல். நம் அன்பருடைய நிலம் முழுவதும் அதில் இரண்டு புள்ளிகூட ஆகாது! இன்று ஐரோப்பியரின் செண்டினல் 2 என்னும் செயற்கைக்கோள்கள் 10 மீட்டர்ச் சதுரம் வரை பிரித்துக் காண்கின்றன. ஓர் ஏக்கருக்கு நாற்பது புள்ளிகள் கிடைக்கும். சில நாட்களுக்கு ஒருமுறை அவை அதே இடத்துக்குமேல் திரும்பி வருகின்றன. படங்களையும் எவரும் இலவசமாகப் பெறலாம்.

நம் கோலார் மாவட்டத்துக்கும் இக்கலை புதியதன்று. உலக வங்கியின் கடனுதவியுடன் 2001 முதல் 2009 வரை கர்நாடக அரசு நடத்திய 'சுஜலா' நீர்ப்பிடிப்புத் திட்டம் ஐந்து மாவட்டங்களில் நடந்தது. அவற்றுள் கோலாரும் ஒன்று. வரப்பு கட்டியதனாலும் மரம் வைத்ததனாலும் நிலத்தில் மாறுதல் ஏற்பட்டதா என்று கண்காணிக்கும் பொறுப்பு விண்வெளித் துறையைச் சேர்ந்த ஆண்ட்ரிக்ஸ் கழகத்திடம் இருந்தது. அவர்கள் செயற்கைக்கோள் படத்தைக் கிராம நில அளவை வரைபடத்தின்மேல் பொருத்திப் பார்த்தனர். அதோடு நில்லாமல் ஆட்களை ஊருக்குள் அனுப்பி வீடு வீடாக விசாரிக்கவும் செய்தனர். அதே காலத்தில் ஹைதராபாத்தை அடுத்த பட்டாஞ்செருவில் உள்ள இக்ரிசாட் நிலையத்தார் இம்மாவட்டங்களின் வயல்களில் மண்ணை அள்ளிச் சோதித்தனர். மண்ணில் கரிச்சத்து குறைந்திருப்பதோடு கந்தகம், துத்தநாகம், போரான் ஆகியவையும் பல வயல்களில் குறைவு என்று தெரிய வந்தது. அதன் அடிப்படையில் 2009-இல் 'பூசேத்தனா' திட்டம் பிறந்தது. இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. துத்தநாகமும் போரானும் குறைந்திருப்பதைச் சொன்னது வானத்துக் கண் அன்று. வாளியில் அள்ளிய மண்தான்.

கரிச்சத்து என்று சொல்வது எதை? அடுப்புக் கரியை அன்று. இலை, வேர், சாணம், நுண்ணுயிர் ஆகியவை மட்கி மண்ணோடு கலந்து நிற்கும் பொருளையே சொல்கிறோம். மண்ணில் ஈரம் நிற்பதும், போட்ட உரம் மழையில் கரைந்து ஓடாமல் தங்குவதும், கொழு இளக்கமாக இறங்குவதும் இதனால்தான். நூற்றுக்கு 0.5-க்குக் குறைந்தால் குறைவு என்றும், 0.75-க்கு மேற்பட்டால் மிகுதி என்றும் நம் நாட்டு மண் பரிசோதனைக் கூடங்கள் கணக்கிடுகின்றன. நம் சுற்றுவட்டாரச் செம்மண்ணில் குறைவு என்னும் விடையே பெரும்பாலும் வரும்.

கரிச்சத்து மிகுந்த மண் கறுத்துத் தோன்றும். ஆகவே உழுது வெறுமையாகக் கிடக்கும் நிலத்தை வானிலிருந்து பார்த்து, நிறத்தைக் கொண்டு கரியைக் கணிக்கலாம் என்பது விஞ்ஞானிகளின் துணிபு. இது பொய்யன்று. ஆனால் நனைந்த மண்ணும் கறுத்துத்தான் தோன்றும். நம் மண்ணில் உள்ள இரும்பின் சிவப்போ தன் நிறத்தால் பிறவற்றை மூடிவிடும். சயனைடு மேடுகளிலிருந்து காற்று வாரிக்கொண்டு வரும் வெளிறிய தூசி மேலே படிந்தால் அது வேறொரு நிறம். இவையெல்லாம் போக, ஒளி தரையின் மேல்தோலில் பட்டே திரும்பிவிடுகிறது. ஆறு அங்குலத்துக்குக் கீழே என்ன இருக்கிறது என்பதை அது அறியாது. கூட்ஸ் வண்டியில் நிற்கும் வாகனை வெளியிலிருந்து பார்த்து, சரக்கு ஏற்றியதா காலியா என்று ஒருவாறு சொல்லிவிடலாம். எடையைச் சொல்ல எடைமேடைக்குத்தான் போக வேண்டும். ரசீது எழுதும் எந்தக் குமாஸ்தாவும் வெறும் பார்வையை நம்பி எடை போடமாட்டான்.

அப்படியாயின் வயலில் பயிர் நிற்கும்போது அதன் பசுமையைக் கொண்டு மண்ணின் நலத்தை அறியலாகாதா என்று கேட்கலாம். பால் மாடு வைத்திருப்போர் நிலத்தில் இங்கேதான் பெரும் ஏமாற்றம் இருக்கிறது. ஆழ்துளைக் கிணற்று நீர் பாயும் ஒரு துண்டில் நேப்பியர்ப் புல் ஆண்டு முழுவதும் பச்சைப் பசேல் என்று நிற்கும். யூரியாவைத் தூவினால் இன்னும் கறும்பச்சை ஆகும். வானத்துக் கண் அதைக் கண்டு மகிழும். அந்தப் புல்லோ நாள்தோறும் அறுபட்டுக் கொட்டிலுக்குப் போகிறது. அது சாணமாகி அதே நிலத்துக்குத் திரும்பினால் சரி. திரும்புகிறதா? தக்காளித் தோட்டக்காரரும் மல்பெரித் தோட்டக்காரரும் டிராக்டர் கொண்டு வந்து சாணத்தை விலைக்கு வாங்கிக்கொண்டு போகிறார்கள். மிஞ்சியது வறட்டியாகி அடுப்புக்குப் போகிறது. பால் கூட்டுறவுச் சங்கத்துக்குப் போகிறது. புல் மாட்டுக்குப் போகிறது. சாணம் அயலார் தோட்டத்துக்குப் போகிறது. நிலத்துக்கு வருவது யூரியா மூட்டை மட்டுமே. மேலே பசுமையும் கீழே வறுமையுமாக ஒரு நிலம் பல ஆண்டுகள் நடமாட முடியும். இந்தப் போக்குவரத்தை எந்தச் செயற்கைக்கோளும் பதிவு செய்வதில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. பெங்களூரின் கழிவுநீரைச் சுத்திகரித்துக் கோலார் ஏரிகளில் நிரப்பும் கே.சி. வேலி திட்டத்தின் நீர் 2018 முதல் வந்துகொண்டிருக்கிறது. அந்த நீர் நல்லதா கெட்டதா என்னும் வாதத்துக்குள் இன்று நாம் புகவில்லை. ஏரி நிரம்பினால் அயலிலுள்ள கிணறு ஊறும். கிணறு ஊறினால் வயல் பசுக்கும். 2017-ஆம் ஆண்டுப் படத்தையும் அண்மைப் படத்தையும் அருகருகே வைத்து, "பாருங்கள், மண் வளம் பெற்றுவிட்டது" என்று ஒருவர் சொன்னால், வளம் பெற்றது மண்ணா கிணறா என்று நாம் திருப்பிக் கேட்க வேண்டும்.

இனிப் பணத்தின் கணக்குக்கு வருவோம். ஓர் ஏக்கரில் ஆறு அங்குல ஆழம் வரை உள்ள மண்ணின் எடை ஏறத்தாழ 9 லட்சம் கிலோ. கரிச்சத்து நூற்றுக்கு 0.1 கூடுவதென்றால் ஏக்கருக்கு 900 கிலோ கரி சேர வேண்டும். கலப்பினப் பசு ஒன்று நாளொன்றுக்கு 15 கிலோ சாணம் போடுவதாகக் கொண்டால், நான்கு பசுக்களுக்கு ஆண்டில் சுமார் 22 டன். பச்சைச் சாணத்தில் பெரும்பகுதி நீர். ஒரு டன்னில் உள்ள கரி 80 கிலோ அளவே இருக்கும். ஆக ஆண்டுக்கு 1,760 கிலோ. இரண்டு ஏக்கருக்குப் பங்கிட்டால் ஏக்கருக்கு 880 கிலோ. நம் வெயிலில் இதன் பெரும்பங்கு மட்கிக் கரியமில வாயுவாகிக் காற்றோடு போய்விடும். பத்தில் ஒரு பங்கு தங்குவதாக வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 88 கிலோ. ஒரு தட்டுச் சாணத்தையும் விற்காமல், எரிக்காமல், அத்தனையையும் நிலத்திலேயே போட்டால், 0.1 கூடுவதற்குப் பத்து ஆண்டுகள்! ஆண்டொன்றுக்கு 0.01 என்னும் இம்மாறுதலை வானத்திலிருந்து காண்பது இயலாது. வானத்துக் கணிப்பில் நேரும் பிழையே இதைப்போல் பன்மடங்கு பெரிது.

கரிக்கு விலை என்பது வெறுங்கதை என்று நாம் சொல்லவில்லை. 2024 ஜனவரியில் மத்திய வேளாண் அமைச்சகமே விவசாயத்தில் தன்னார்வக் கரிச் சந்தைக்கென ஒரு நெறிமுறையை வெளியிட்டிருக்கிறது. நேர்மையாக நடத்துவோரும் உளர். ஆனால் கரி பல ஆண்டுகள் மண்ணிலேயே நிற்க வேண்டும் என்பதே அச்சந்தையின் அடிப்படை. எனவே ஒப்பந்தமும் பல ஆண்டுகளுக்கு நீளும். பெண்ணின் திருமணத்துக்காக நிலத்தை விற்க நேர்ந்தால் என்ன ஆகும்? வறட்சியாண்டில் சாணத்தை விற்றுத் தீவனம் வாங்கினால் குற்றமாகுமா? மண்ணை எத்தனை இடத்தில், எந்த ஆழத்தில், எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை எடுத்துச் சோதிப்பார்கள்? சோதனைச் செலவு யாருடையது? வரும் தொகையில் நடுவருக்கு எவ்வளவு? இவற்றுக்குத் தாளில் எழுத்துமூலமான விடை இருக்க வேண்டும். அது கன்னடத்திலோ இங்கிலீஷிலோ இருந்தால் வரி வரியாகப் படித்துச் சொல்லும் ஒருவரைக் கூட வைத்துக்கொள்ள வேண்டும். "மண் எடுக்க வேண்டியதில்லை, செயற்கைக்கோளே பார்த்துக்கொள்ளும்" என்று சொல்லப்பட்டால், அன்பருக்கு நம் விடை: கையெழுத்திடாதீர்கள்.

அதற்கு முன்பாகச் செய்யத்தக்க காரியம் ஒன்று உண்டு. 2015 பிப்ரவரியில் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டத்தின்படி கரிச்சத்து உட்படப் பன்னிரண்டு குணங்களைச் சோதித்து அட்டை தருகிறார்கள். அதில் ஒரு குறை: பாசன நிலத்தில் இரண்டரை ஹெக்டேருக்கு ஒரு மாதிரி, மானாவாரியில் பத்து ஹெக்டேருக்கு ஒரு மாதிரி என்று எடுப்பதே அதன் தொடக்ககால முறை. இரண்டு ஏக்கர்க்காரரின் அட்டையில் இருப்பது அடுத்தவர் வயலின் மண்ணாகவும் இருக்கலாம். ஆகவே நாமே மண் எடுத்துக் கொடுப்பது நலம். ஹோப்ளி தோறும் உள்ள ரைத்த சம்பர்க்க கேந்திரத்திலும், கோலாரை அடுத்த டமகாவில் உள்ள கிருஷி விஞ்ஞான கேந்திரத்திலும் இதற்கு வழி கேட்கலாம்.

எடுக்கும் முறை கடினமன்று. நிலத்தில் கோணல்மாணலாக நடந்து பத்துப் பதினைந்து இடங்களில் மேற்சருகை நீக்கிவிட்டு, மண்வெட்டியால் ஆறு அங்குல ஆழத்துக்குச் சாய்வான குழி வெட்டி, குழியின் பக்கத்திலிருந்து மேலிருந்து கீழ்வரை ஒரு விரற்கடை கனத்துக்கு மண்ணைச் சீவி எடுக்க வேண்டும். மர நிழல், வரப்பு ஓரம், எருக்குழியின் அருகு ஆகிய இடங்களை விட்டுவிட வேண்டும். எல்லாவற்றையும் பிளாஸ்டிக் வாளியில் கலந்து, நான்காகப் பகுத்து எதிரெதிர்ப் பகுதிகளைத் தள்ளி, அரைக் கிலோ மிஞ்சும்வரை குறைத்து, நிழலில் உலர்த்திக் கொடுக்கலாம். புல்லுக்கு ஒரு பொட்டலம், கேழ்வரகு நிலத்துக்கு ஒரு பொட்டலம் எனத் தனித்தனியாகக் கட்டுங்கள். பெயர், சர்வே நம்பர், தேதி ஆகியவற்றைப் பென்சிலால் எழுதுங்கள். மை ஈரத்தில் அழிந்துவிடும். மழைக்காலத்துக்கு முன், எருவோ உரமோ போடுவதற்கு முன் எடுப்பது உத்தமம். வந்த அட்டையை எறிந்துவிடாமல், பால் சங்கத்துக் கணக்குப் புத்தகத்தோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். தாளோடு வருபவரிடம் முதலில் அதையே எடுத்துக் காட்டி, அவருடைய செயற்கைக்கோள் கூறும் எண் என்ன என்று கேளுங்கள்.